நான் கட்டிக்கொண்டிருந்த புடவை

எங்கள் சொந்தக்காரர்களில் யார் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் நான் ஒரே புடவையில்தான் இருப்பேன். கடுகு மஞ்சள் உடம்பு, நாலு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை, முந்தானையில் சின்னச் சின்ன மாங்காய்கள். ஆரணிப் பட்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆரணிக்கு பஸ் ஏறி, நெய்தவர் வீட்டுக்கே போய், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நானாகப் பொறுக்கி எடுத்தது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். வேறு புடவைகள் இல்லாமல் இல்லை. கட்டினால் உடம்போடு ஒட்டி, நடக்கும்போது சத்தம் போடாமல், கொசுவம் சொன்ன இடத்தில் நிற்கிற புடவை அது ஒன்றுதான். எனக்குப் பிடித்திருந்தது, கட்டினேன். இதில் கொள்கை எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு பெண் ஒரே புடவையைத் திரும்பத் திரும்பக் கட்டினால் அதற்கு ஊரில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். வீட்டுக்காரர் வாங்கித் தருவதில்லை, இல்லையென்றால் அவள் கஞ்சப் பிசினாரி, அதுவும் இல்லையென்றால் ஏதோ வேண்டுதல். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி என்னிடம் கேட்டவர் என் கணவரின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். நல்ல மனுஷி. மணிலாக் கடலை பிடுங்கியதும் முதல் மூட்டை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆனால் மண்டப வாசலில் என்னைப் பார்த்ததும் முதல் பார்வை புடவைக்குத்தான் போகும்.

"ஏம்மா, இதே புடவையா? மாசம் பொறந்தா கவர்மெண்ட் சம்பளம் வாங்கறே. கலெக்டர் ஆபீஸ்ல வேல பாக்கறவ மாதிரியா வர்றே?"

"எனக்கு இது நல்லா இருக்குது அண்ணி."

"நல்லாத்தான் கீது. அதுக்காக? போட்டோல பாத்தா எந்தக் கல்யாணம்னே தெரியல."

இதை அவர் சும்மா சொல்லவில்லை. ஒரு முறை அவர் வீட்டு ஆல்பத்தில் படங்கள் கொட்டிப்போய், திரும்ப ஒட்டும்போது, இரண்டு பேரப் பிள்ளைகளின் காதுகுத்தையும் கலந்துவிட்டார்கள். என் புடவையைப் பார்த்து எல்லாம் ஒரே நாள் என்று நினைத்துவிட்டார்களாம். இந்தக் கதையை அவர் குறைந்தது பதினைந்து பேரிடம் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நானும் கூடவே சிரிக்க வேண்டும்.

புடவை தானாக இருபத்திரண்டு வருஷம் இருந்துவிடவில்லை. கட்டி அவிழ்த்த அன்றே மடிக்க மாட்டேன். நிழலில் ஒரு நாள் காற்றாடப் போடுவேன். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து மடிப்பை மாற்றுவேன், ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அங்கே இற்றுப்போகும். கணவரின் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றித்தான் வைப்பேன். கீழ்க்கரையில் ஃபால்ஸ் மூன்று முறை மாற்றியாயிற்று. ஒரு தடவை போளூர் பஸ்ஸில் சீட்டுக் கம்பி மாட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்த தையல்கார பாய், அதே புடவையின் உள் ஓரத்திலிருந்து இழைகளை உருவி, ஊசியில் கோத்து, இரண்டு நாள் உட்கார்ந்து அடைத்துக் கொடுத்தார். கிழிந்த இடத்தை அதற்குப் பிறகு எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் மகளுக்கு இதெல்லாம் தெரியும். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், இருபத்தாறு வயது. இரண்டு மூன்று வருஷமாக அவளுக்கு ஒரு பித்து. புதுத் துணி வாங்குவது பூமிக்குக் கேடு என்பாள். ஒரு சட்டைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, சாயம் எந்த ஆற்றில் போய்க் கலக்கிறது என்றெல்லாம் போனில் வீடியோ எடுத்துப் போடுவாள். பார்க்கிறவர்கள் இதயம் இதயமாக அனுப்புவார்கள். அவள் சொல்வது எதுவும் தப்பில்லை. நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அவளுடைய வழி எனக்குப் புரியவே இல்லை. புதுசு வாங்காமல் இருப்பதற்காக அவள் பழசு வாங்கினாள். வாரத்துக்கு ஒரு பார்சல். யாரோ போட்டுக் கழித்த ஜீன்ஸ், யாரோ போட்ட பூப்போட்ட சட்டை, மெத்தை மாதிரி ஒரு கம்பளிக் கோட்டு. திருவண்ணாமலை வெயிலில் கம்பளிக் கோட்டு! சென்னை அறையில் இடம் போதாமல் எல்லாம் எங்கள் வீட்டு பீரோவுக்கு வந்து சேர்ந்தது.

"இதெல்லாம் விண்டேஜ்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்கு."

"யாரோட கதை?"

"அது தெரியாது."

"உங்கிட்டயே போன தீபாவளிச் சுடிதார் ரெண்டு கீதே. அதப் போடேன்."

"அது வேற விஷயம்மா. உனக்குப் புரியாது."

எனக்குப் புரியாதாம். அடுத்த வாரம் இன்னொரு பார்சல் வந்தது.

இந்த நிலையில்தான் அவளுக்கு வேலூரில் வரன் அமைந்தது. வேங்கிக்காலில் மண்டபம் பிடித்து நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு பௌர்ணமி வந்தது. அன்றைக்கு மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் நகர முடியாது என்பதால் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சும்மா இருக்கிறோமே, புடவையைக் காற்றாடப் போடலாம் என்று பீரோவைத் திறந்தேன். வெள்ளை வேட்டி மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. தூக்கினால் கனமில்லை. உள்ளே புடவை இல்லை.

பீரோவை மொத்தமாகக் கொட்டினேன். மகளின் கோட்டும் ஜீன்ஸும் தரையெல்லாம் கிடந்தன. கணவர் வாசலில் மோட்டார் பம்பு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் தொழில்.

"ஏங்க, என் ஆரணிப் பட்டைப் பாத்தீங்களா?"

"நான் அதக் கட்டிக்கினா போகப் போறேன்?" என்றார் தலையைத் தூக்காமல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போன ஞாயித்துக்கிழமை பாப்பா ஏதோ பை எடுத்துக்கினு போச்சு. கேட்டுப் பாரு" என்றார்.

மகளுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் எடுக்காததுமாகக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஐயோ, கண்டுபிடிச்சிட்டியா? சர்ப்ரைஸ்மா!"

"என்னா சர்ப்ரைஸ்?"

"நிச்சயத்துக்கு நான் புதுசு எதுவும் வாங்கல. உன் புடவையில லெஹங்கா தைக்கக் குடுத்திருக்கேன். செங்கம் ரோட்ல, ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பழைய பட்டுல டிரஸ் பண்ற கடை ஒண்ணு இருக்கில்ல? அங்க. எல்லாரும் அழப் போறாங்க பாரு. அம்மா புடவையில பொண்ணு."

"வெட்டிட்டாங்களா?"

"தெரியலம்மா. இந்த வாரம் கட்டிங்னு சொன்னாங்க."

போனை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டேன். கணவர் வண்டியை எடுக்கிறேன் என்றார். எங்கே எடுப்பது? செங்கம் ரோடு கிரிவலப் பாதை. பௌர்ணமி அன்று சைக்கிள்கூட விட மாட்டார்கள். எங்கள் தெரு முனையிலேயே தடுப்பு வைத்திருந்தார்கள். நடந்தேன்.

மூன்று மணி வெயிலில் ஜனம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. வெளியூர் பஸ்கள் இறக்கிவிட்ட கூட்டம். எல்லோரும் வெறுங்காலில் நிதானமாக, பேசிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நான் ஒருத்திதான் செருப்போடு, பேய் பிடித்தவள் மாதிரி இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, "செருப்பப் போட்டுக்கினு சுத்தக் கூடாதும்மா" என்றார். நான் சுற்ற வரவில்லை என்று சொல்ல எனக்குப் பொறுமையில்லை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தார் சுட்டது. கொஞ்ச தூரத்தில் அன்னதானப் பந்தலிலிருந்து ஒருவர் வழியை மறித்து மோர் டம்ளரை நீட்டினார். வேண்டாம் என்றேன். "சாமிக்குன்னு குடுக்கறது, வேணாம்னு சொல்லக் கூடாது" என்று விடவே இல்லை. நின்று குடித்தேன். அந்த நிமிஷத்தில் அங்கே கத்தரி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து ஒரே மடக்கில் விழுங்கினேன். நெற்றியில் திருநீறு வேறு பூசிவிட்டார்கள்.

ஆசிரமத்துக்கு முன்னால் காப்பிக் கடைகளும் வாடகை அறைகளும் இருக்கிற வரிசையில் அந்தக் கடை இருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. மூங்கில் கழியில் பட்டுச் சட்டை, பட்டுக் கோட்டு, பட்டுப் பை என்று வரிசையாகத் தொங்கின. இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், பெங்களூரிலிருந்து வந்து கடை போட்டவள். நான் யாருடைய அம்மா என்று சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் செருப்பு இருந்தது.

"ஆன்ட்டி! அந்த சாரி எவ்ளோ அழகு! அதுக்கு ஒரு செகண்ட் லைஃப் குடுக்கறோம்."

"முதல் உயிரே இன்னும் போகலயேம்மா" என்றேன். "நான் அதக் கட்டிக்கினுதானே இருந்தேன்."

அவளுக்கு விளங்கவில்லை. "யூஸ் பண்ணாம பீரோல இருந்ததுன்னு சொன்னாங்களே?"

"போன மாசம்கூடக் கட்டினேன்."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பின்பக்கத் தடுப்புக்கு அப்பால் பெரிய மேஜை. அதன் பக்கத்தில் கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்றவர் சந்துக் கடைத் தையல்கார பாய். இந்தக் கடைக்கு வெட்டித் தரும் வேலையை ஒத்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேஜை மேல் கடுகு மஞ்சள் துண்டுகள். மேலே குறுகி, கீழே விரிந்து, பதினாறு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கரையைத் தனியாகப் பிரித்துச் சுருட்டி வைத்திருந்தார். முந்தானை மட்டும் முழுசாக நாற்காலி முதுகில் தொங்கியது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கால் கொதித்ததுதான் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பாய் முகம் வெளுத்துப் போய்விட்டது. "அம்மா, சத்தியமா கேட்டேங்க. புடவையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. என் கை வேல அதுல கீதே, எப்படித் தெரியாம போகும்? அம்மாவுக்குத் தெரியுமா பாப்பான்னு கேட்டேன். தெரியும், அம்மாதான் குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லிச்சு."

"எப்ப வெட்டினீங்க?"

"காலைலதாங்க."

"நான் அடைக்கக் குடுத்த இடம் எங்க?"

அவர் துண்டுகளைப் புரட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். வெட்டும்போது அந்த இடம் நடுவில் விழாமல் ஓரத்தில் வருமாறு பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார். தடவினேன். அப்போதும் கை தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"சேர்த்துத் தெச்சா புடவையா வருமா பாய்?"

"வராதுங்கம்மா. குறுக்கால வெட்டினது. பொய் சொல்லக் கூடாது."

கடைக்காரப் பெண் ஒரு டம்ளரில் ஏதோ இலை போட்ட டீ கொண்டுவந்து வைத்தாள். மன்னிப்புக் கேட்டாள். அவளைத் திட்டவும் எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டாள். நிறுத்தி? பதினாறு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பதா?

"தெச்சுக் குடுத்துடுங்க" என்றேன் பாயிடம். "நல்லா தைங்க."

திரும்பி வருவது போனதைவிட மோசம். கூட்டம் முழுக்க எதிரே வந்தது. "எதிர்ல வராதீங்கம்மா", "சுத்து முடிக்காம திரும்பறீங்களே" என்று வழிநெடுக அறிவுரை. ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, பாதியில் திரும்பினால் பலன் கிடைக்காது என்று விளக்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வது?

சனிக்கிழமை மகள் வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டாள். "நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்மா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருக்க மாட்ட."

"அப்புறம் எதுக்குடி எடுத்த?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பழசாப் போச்சேன்னுதான்... நைஞ்சு போறதுக்குள்ள அதக் காப்பாத்தணும்னு..." என்றாள்.

எனக்கு அப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. "காப்பாத்திக்கினுதானே இருந்தேன்! இருபத்திரண்டு வருஷம் அதத்தானே செஞ்சேன்! நீ வீடியோவுல சொல்றியே, அதேதான். நான் வீடியோ போடல, அவ்வளவுதான்!" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். கணவர் மோட்டாரைப் போட்டுப் பார்க்கிற சாக்கில் சத்தத்தைக் கிளப்பிவிட்டார்.

நிச்சயதார்த்தத்துக்குக் கட்ட எனக்கு வேறு நல்ல பட்டு இல்லை. பெண்ணைப் பெற்றவள் எதையாவது கட்டிக்கொண்டு நிற்க முடியாது என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து, புடவை வெட்டுப்பட்டது தெரியாமலே, உத்தரவு வந்தது. ஆரணிக்குப் போய் உட்கார்ந்து பார்க்க அவகாசமில்லை. ஊரிலேயே ஒரு கடையில், பத்து நிமிஷத்தில், கிளிப்பச்சையில் ஒரு பட்டு எடுத்தேன். அட்டை மாதிரி விறைப்பு. கொசுவம் வைத்தால் விசிறி மாதிரி நின்றது. மண்டபத்தில் நான் நடந்தால் சரக் சரக் என்று மேடை வரைக்கும் கேட்டது.

மகளின் லெஹங்கா அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பாய் கரையை அடியில் சுற்றி வைத்து, முந்தானை மாங்காயை இடுப்புக்கு வருமாறு தைத்திருந்தார். அவள் மேடை ஏறியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா வேலூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். என் பக்கத்தில் வந்து, "பாட்டி காலத்துப் பட்டுங்களா? என்னா நெசவு பாருங்க!" என்றார்.

"என் புடவைங்க. போன மாசம் வரைக்கும் கட்டினேன்."

அவர் நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களிடம் என் மாமியார் புடவை என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பந்திக்குள் அது என் மாமியாரின் அம்மா புடவை ஆகியிருந்தது.

என் நாத்தனார் தாமதமாக வந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கண் புடவைக்குப் போனது. நின்றுவிட்டார்.

"எங்கம்மா அது?"

"எது அண்ணி?"

"ஆரணிப் பட்டு. பொண்ணு நிச்சயத்துக்கு அதக் கட்டாம இந்தப் பச்சையச் சுத்திக்கினு நிக்கறே?"

மேடையைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு நேராக மேடைக்குப் போய், போட்டோக்காரர் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், குனிந்து பாவாடையின் கரையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வெட்டிட்டியா?" என்று மகளிடம் கேட்டார். "உங்கம்மா கட்டிக்கினுதானேடி இருந்தா? என்னா மாதிரி வெச்சிருந்தா அத! எவளாவது வெச்சிருப்பாளா?"

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் அவரைக் கீழே அழைத்துவந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. வாசலுக்கு வாசல் என்னைக் கேலி செய்தவர் இவர்தானே? இதை அன்றே ஒரு தரம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்கவும் கேட்டேன்.

"அதுக்கென்ன, அப்ப புடவ இருந்துச்சு, சொன்னேன்" என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இதோடு முடிந்திருந்தால் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். புடவை போனது, பாவாடையாக இருக்கிறது, அவள் போட்டுக்கொள்வாள் என்று. ஒரு மாதம் கழித்துக் கீழ்பென்னாத்தூரில் நாத்தனாரின் கடைசிப் பேத்திக்குக் காதுகுத்து. மகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் பார்த்தால் ஏதோ ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னா?"

"இன்னைக்குப் போட ஒரு அனார்கலி. பழசுதாம்மா, செகண்ட் ஹேண்ட்."

"லெஹங்கா?"

"அதான் போட்டாச்சேம்மா. எல்லாப் போட்டோலயும் வந்துடுச்சு. மறுபடி அதையே எப்படிப் போடறது?"

நான் கையில் வைத்திருந்த சீப்பைக் கட்டிலில் வைத்தேன். கத்தவில்லை. கத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"அத ஒரு நாளைக்காகவா வெட்டின?" என்றேன்.

அவள் பார்சலை அப்படியே பீரோவுக்குள் தள்ளிவிட்டு லெஹங்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வாடகைக் காரில் கீழ்பென்னாத்தூர் போகிற வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பந்தல் வாசலில் சொந்தக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். இறங்கினதுமே ஒருத்தி கேட்டாள்: "ஏ, நிச்சயத்துக்குப் போட்டதுதானே இது?" இன்னொருத்தி, "மெட்ராஸ்ல சம்பாரிக்கிற பொண்ணு, வேற டிரஸ் இல்லையா?" என்றாள். உள்ளே போனதும் ஒரு சித்தி மெதுவாக என்னிடம், "மாப்ள வீட்டுல துணிமணி எதுவும் எடுத்துக் குடுக்கலயா?" என்று விசாரித்தார். மகளின் காதில் அதுவும் விழுந்தது. பந்தியில் உட்காரும்வரை பத்து பேராவது சொல்லியிருப்பார்கள். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் விளக்கம் சொன்னாள், தண்ணீர், சாயம், ஆறு என்று. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, நகர்ந்ததும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவள் இலையைப் பார்த்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் "ஆமா, அதேதான்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள்.

நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பாயசம் ஊற்ற வந்தவர், "பாவாடையில சிந்தாம சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது வண்டியில் மகள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை வந்ததும் கேட்டாள்.

"எப்படிம்மா இருபத்திரண்டு வருஷம் இதக் கேட்டுக்கினு இருந்த?"

"எரிச்சலாத்தான் இருந்துச்சு."

"ஒண்ணும் சொன்னதே இல்லையே நீ."

"யார் கேட்டீங்க?"

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நானும் விலக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த லெஹங்காவை அதற்குப் பிறகு அவள் மூன்று இடங்களுக்குப் போட்டுவிட்டாள், நான் சொல்லாமலேயே. பார்சல் வருவதும் கம்மியாகியிருக்கிறது. நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்.

பட்டு என்று எனக்கு இருப்பது கிளிப்பச்சைதான். இன்னொன்று எடுக்கலாம் என்கிறார் கணவர். எதற்கு? இதைக் கட்டிக் கட்டித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். விசேஷங்களை நம்பிக் காத்திருந்தால் இது இளக எனக்கு எழுபது வயதாகிவிடும். அதனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்ததும் அதைக் கட்டிக்கொண்டு விடுகிறேன். அதிலேயே வீடு பெருக்குகிறேன், கீரை ஆய்கிறேன், துணி மடிக்கிறேன். கழுத்தோரம் ஜரிகை குத்துகிறது. அடுப்பு வேலைக்கு மட்டும் மேலே ஒரு பழைய துண்டு.

போன வாரம் கணவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னா, பட்டுப் புடவையில? யார்னா வராங்களா?"

"யாரும் வரல" என்றேன். "வேலையப் பாருங்க. இது பழசாகணும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பம்பைப் பிரிக்கப் போய்விட்டார்.